ரிச்சர்ட் ஹென்றி பெடோம்

ரிச்சர்ட் ஹென்றி பெடோம் (மே 11, 1830 – பெப்ரவரி 23, 1911) பிரித்தானியப் படை அதிகாரியும், தாவரவியலாளரும், ஊர்வன ஆய்வாளரும் ஆவார். இவர் 1860 முதல் 1882 வரை சென்னை மாகாணக் காட்டுத்துறையின் தலைவராகப் பணியாற்றினார். தென்னிந்திய மரங்கள் பற்றியும் பெரணிகள் (பன்னங்கள்) பற்றியும் இவர் எழுதிய நூல்கள் புகழ்பெற்றவை. தென்னிந்திய மலைகளில் வாழும் பாம்புகள், பல்லிகள், தவளைகள் பலவற்றை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தவரும் இவரே. குறிப்பாக, மண்ணுக்கடியில் வாழும் நஞ்சற்ற கேடயவால் பாம்புகள் பற்றிய ஆய்வுக்கு இவருடைய கட்டுரைகள் அடித்தளமாக அமைந்தன. பழனி மலையின் பெயரைத் தாங்கிய பழனிமலைக் கேடயவால் பாம்பு 1863 ஆம் ஆண்டில் இவரால் விவரிக்கப்பட்டதாகும்.

பெடோம் விவரித்த உயிரினங்களுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. ஆயினும் தவறான நம்பிக்கைகளின் காரணமாக அவற்றுள் பல கண்ட இடத்தில் கொல்லப்படுகின்றன. எனவே இக்கட்டுரையில் அவருடைய வாழ்க்கையுடன், அவர் ஆராய்ந்த உயிரினங்கள் குறித்த வியப்பான செய்திகளும் தவறான நம்பிக்கைகளும் தரப்படுகின்றன.

இளமைக் காலம்

பெடோம் இலண்டன் நகரின் தெற்கே உள்ள கிளாப்பம் காமன் என்னும் இடத்தில் பிறந்தார். இவருடைய தந்தையார் ஒரு வழக்குரைஞர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் கல்வி கற்ற பெடோமுக்கு முதலில் சட்டத்துறையில் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆனால் அத்துறையில் அவர் தொடரவில்லை. 1848 ஆம் ஆண்டில், தமது 18 ஆம் அகவையில், கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். சென்னைக் காலாட்படையின் 42 ஆவது பிரிவில் பணியாற்றிய அவர், தொடக்கத்தில் மத்திய இந்தியாவில் உள்ள ஜபல்பூரில் இருந்தார்.

பெடோம் தாவரவியலிலோ விலங்கியலிலோ பட்டம் பெற்றவர் அல்லர். அக்காலத்தில் இந்திய உயிரினங்களை ஆராய்ந்த ஐரோப்பியருள் பெரும்பாலோர் படை மருத்துவர்களாகவோ அதிகாரிகளாகவோ இருந்தனர். அலுவல் நிமித்தம் காடுகளுக்குச் செல்லும்போது கண்டவற்றைச் சேகரித்து, பதிவு செய்து, இலண்டனுக்கு அனுப்புவது அவர்களின் வழக்கம். பெடோமும் இவ்வழியிலேயே ஆய்வாளர் ஆனார்.

காட்டுத்துறைப் பணி

சென்னை மாகாணத்தில் காட்டுத்துறை 1856 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெகார்ன் அதன் முதல் தலைவர் ஆவார். 1857 ஆம் ஆண்டில் பெடோம் அவருக்கு உதவியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1860 இல் கிளெகார்னின் இடத்துக்கு வந்த பெடோம், 22 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1880 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பினரானார். 1882 இல் கர்னல் நிலையில் ஓய்வு பெற்றார். சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அக்காலக் காட்டுத்துறையின் நோக்கம் இன்று நாம் எண்ணும் காட்டுயிர்ப் பாதுகாப்பு அன்று. கப்பல் கட்டவும், இரயில் பாதைக்குக் கட்டைகள் இடவும், இரயில் வண்டிகளுக்கு விறகு தரவும் மரங்கள் தேவைப்பட்டன. கண்மூடித்தனமாக வெட்டினால் மரம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தின் விளைவாகவே இத்துறை தோன்றியது. அதே காலத்தில் வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை ஆகிய இடங்களில் காப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டு வந்தன. ஆகவே பெடோம் மறைந்துகொண்டிருந்த காடுகளைப் பதிவு செய்தவர் எனலாம். அவர் பணியாற்றிய அரசும் அக்காடுகள் மறைவதற்கு ஒரு காரணமாக இருந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பணியின் பொருட்டும் தம் ஆர்வத்தினாலும் அவர் சென்ற மலைகள் பல. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, அகத்தியமலை, குதிரேமுக் ஆகியவையும், கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்வராயன் மலை, ஏலகிரி, நல்லமலை, விசாகப்பட்டின மலைகள் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். இலங்கையின் உயிரினங்களையும் அவர் ஆராய்ந்துள்ளார்.

பழனி மலையில்

கொடைக்கானல் குடியிருப்பு 1845 ஆம் ஆண்டில் அமெரிக்க மறைப்பணியாளர்களால் தொடங்கப்பட்டது. அதற்கு 13 ஆண்டுகளுக்குப் பின், 1858 இல், பழனி மலையின் தாவரங்கள் பற்றிய பெடோமின் அறிக்கை சென்னையின் இலக்கிய, அறிவியல் ஆய்விதழில் வெளியானது. அப்போது அவருடைய அகவை 28. அவருடைய முதற்காலப் படைப்புகளுள் இது குறிப்பிடத்தக்கது. அந்நாளில் மலை உச்சிக்கு வண்டிச்சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதைகளில் நடந்தோ, குதிரையிலோ, சுமப்பவர்களின் தோளிலோதான் மேலே செல்ல வேண்டும். மோட்டார் வண்டிகளுக்கான மலைச்சாலை 1910களில்தான் அமைக்கப்பட்டது.

பழனி மலையின் தென்சரிவு இயற்கை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த ஏடு போன்றது. பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. கும்பக்கரை, அடுக்கம் வழியாக மேலே ஏறுபவர் சில மணி நேரத்தில் பல வகைக் காடுகளைக் காணலாம். அடிவாரத்தில் வறண்ட முட்புதர்க் காடும், அடுக்கம் போன்ற இடைமலை ஊர்களைச் சூழ்ந்து காடுகளும் மலைத்தோட்டங்களும், உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் உள்ளன. அடுக்கம் என்ற சொல்லே சங்க இலக்கியத்தில் மலைச்சரிவைக் குறிப்பதாகும்.

இவ்வாறு உயரத்துக்கு ஏற்ப வெப்பமும் ஈரமும் மாறுவதால், ஊர்வனவும் நீர்நிலவாழ்வனவும் படிக்குப் படி மாறுகின்றன. அவற்றின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. தவளைகளின் தோலுக்கு எப்போதும் ஈரம் வேண்டும். குளிர்ந்த சோலையில் வாழும் ஒரு சிறு பாம்பு, வெயில் காயும் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்ல இயலாது. எனவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு போல ஆகிவிடுகிறது. பழனி மலைக்கு அருகில் தனித்து நிற்கும் சிறுமலையில் திண்டுக்கல் பெயரைத் தாங்கிய வேறொரு கேடயவால் பாம்பு வாழ்கிறது. அதனை 1877 இல் விவரித்தவரும் பெடோமே.

தாவரவியல் நூல்கள்

பெடோம் முதன்மையாக ஒரு தாவரவியலாளராகவே அறியப்பட்டார். அவருடைய முக்கிய நூல்கள்:

- சென்னை மாகாணத்தின் மரங்கள் (1863)
- தென்னிந்தியாவின் பெரணிகள் (1863–1865)
- பிரித்தானிய இந்தியாவின் பெரணிகள் (1865–1870)
- தென்னிந்தியக் காட்டு மரங்கள் பற்றிய படவிளக்க நூல் (1869 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது)
- இந்தியா, இலங்கை, மலாயா ஆகியவற்றின் பெரணிகள் பற்றிய கையேடு (1883, இணைப்பு 1892)

இந்நூல்களின் படங்களில் பல இந்திய ஓவியர்கள் வரைந்தவை. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய ட்ரூரி ஆர்க்கிட் என்னும் அரிய மலர்ச்செடியை 1874 இல் விவரித்தவர் பெடோம். பல தாவரங்களின் அறிவியற் பெயர்களுக்குப் பின்னால் அவருடைய பெயர்ச்சுருக்கம் இன்றும் எழுதப்படுகிறது.

ஊர்வன பற்றிய ஆய்வு

பெடோமுக்கு முன்னரே இந்தியப் பாம்புகள் ஆராயப்பட்டிருந்தன. விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் ரசல் 1796 இல் இந்தியப் பாம்புகள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1872 இல் ஜோசப் ஃபேரர் நச்சுப்பாம்புகள் பற்றிய பெரிய நூலை எழுதினார். இவ்வாய்வுகளில் பெரும்பாலும் நஞ்சே முதன்மைப் பொருளாக இருந்தது. எந்தப் பாம்பு கொல்லும், எது கொல்லாது என்பதே அன்றைய அரசுக்குத் தேவையான செய்தி.

பெடோமின் ஆர்வம் இதிலிருந்து மாறுபட்டது. யாரையும் கடித்துக் கொல்லாத, எனவே யாரும் பொருட்படுத்தாத பாம்புகளை அவர் தேடினார். விழுந்த மரங்களின் அடியிலும், கற்களுக்குக் கீழும், இலைமட்கிலும் அவை இருந்தன. 1862 முதல் சென்னையின் மருத்துவ ஆய்விதழ்களிலும் இலண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீடுகளிலும் அவர் கட்டுரைகள் எழுதினார். 1886 இல், ஓய்வு பெற்ற பின், இந்தியத் தீபகற்பம், இலங்கை ஆகியவற்றின் மண்பாம்புகள் குறித்து ஒரு தொகுப்புக் கட்டுரையை வெளியிட்டார். அவர் சேகரித்த மாதிரிகள் பல பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அங்கு ஆல்பர்ட் குந்தர், ஜார்ஜ் பூலஞ்சர் ஆகியோர் அவற்றை ஆராய்ந்து மேலும் பல இனங்களை விவரித்தனர்.

பெடோம் விவரித்த சில இனங்கள்:

- பெருஞ்செதில் குழிவிரியன் (1862)
- பழனிமலைக் கேடயவால் பாம்பு (1863)
- ஜெய்ப்பூர் தரைப்பல்லி (1877)
- திண்டுக்கல் கேடயவால் பாம்பு (1877)
- ஆனைமலை முள்ளோணான் (1878)
- மெலனோபேட்ராக்கஸ் என்னும் கருந்தவளை (1878)

இவற்றுள் ஆனைமலை முள்ளோணான் பழனி மலையின் உயர்ந்த சோலைகளிலும் காணப்படுகிறது. கருந்தவளை ஒரு சிறிய உயிரினம். தொந்தரவு செய்தால் உடலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

கேடயவால் பாம்புகள்

கேடயவால் பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்த பாம்புகள் உலகில் தென்னிந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் கணிசமான பகுதியைப் பெடோம் விவரித்துள்ளார்.

பழனிமலைக் கேடயவால் பாம்பு ஒரு முழத்துக்கும் குறைவான நீளம் உடையது. பழுப்பு நிற உடலும், கழுத்தின் இரு பக்கங்களிலும் மஞ்சள் நிறக் கோடும் இதன் அடையாளங்கள். இதன் அறிவியற் பெயரின் பிற்பகுதி, பழனி என்பதற்கு ஆங்கிலேயர் அந்நாளில் வழங்கிய எழுத்துக்கூட்டலிலிருந்து உருவானது. இவ்வாறு பழனி என்னும் தமிழ்ப் பெயர் இலத்தீன் வடிவில் உலக அறிவியல் ஏடுகளில் இடம்பெற்றுள்ளது.

இப்பாம்புகள் பற்றிய வியப்பான செய்திகள் சில:

- தலை கூம்பு போன்று குறுகியும், வால் தடித்து வெட்டுப்பட்டது போன்றும் இருக்கும். பல இனங்களில் வால் நுனியின் மேற்புறத்தில் சொரசொரப்பான தட்டு உள்ளது. இதுவே கேடயம் எனப்படுகிறது. இதில் மண் ஒட்டிக்கொண்டு, பாம்பு செல்லும் வளையைப் பின்னாலிருந்து அடைக்கும் மூடி போல அமைகிறது.
- உடலின் முன்பகுதித் தசைகள் ஆக்சிசனைச் சேமிக்கும் புரதம் மிகுந்து சிவந்து காணப்படுகின்றன. பின்பகுதித் தசைகள் வெளிறியவை. முன்னே உள்ள இஞ்சின் பின்னே உள்ள பெட்டிகளை இழுப்பது போல, முன்பகுதி மண்ணைத் துளைத்துச் செல்லப் பின்பகுதி தொடர்ந்து செல்கிறது. இதனை 1978 இல் கார்ல் கான்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் விளக்கினர்.
- இவை முட்டையிடுவதில்லை. குட்டிகளை ஈனுகின்றன.
- இவற்றின் முக்கிய உணவு மண்புழு.
- செதில்கள் ஒளியில் வானவில் நிறங்களைக் காட்டும். வழவழப்பான இச்செதில்களில் மண் எளிதில் ஒட்டுவதில்லை.
- இவற்றுக்கு நஞ்சு இல்லை. கையில் எடுத்தாலும் பொதுவாகக் கடிக்க முற்படுவதில்லை. தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொண்டு வாலை முன்னே காட்டும்.

தவறான நம்பிக்கைகள்

இருதலைப் பாம்பு: கேடயவால் பாம்பு வாலைத் தலை போலக் காட்டுவதால் அதற்கு இரண்டு தலைகள் உண்டு என்று சிலர் கருதுகின்றனர். சமவெளியில் இதே நம்பிக்கை மண்ணுளிப் பாம்பின் மீது உள்ளது. அதனை இருதலை மணியன் என்றும், ஆறு மாதம் ஒரு தலையும் ஆறு மாதம் மறு தலையும் வேலை செய்யும் என்றும் கூறுவர். அது நக்கினால் தொழுநோய் வரும் என்பதும் அத்தகைய நம்பிக்கையே. உண்மையில் இரு பாம்புகளுக்கும் ஒரே தலைதான். மழுங்கிய வால், எதிரியின் தாக்குதலைத் தலையிலிருந்து திசைதிருப்பும் ஒரு தற்காப்பு. மண்ணுளிப் பாம்பை ரசல் விவரித்தபோது, தரங்கம்பாடியில் பணியாற்றிய மறைப்பணியாளர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜானின் பெயரை அதற்குச் சூட்டினார். செல்வம் தரும் என்ற மூடநம்பிக்கையால் இப்பாம்பு இன்றும் கடத்தப்படுகிறது.

பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும்: கண்கொத்திப் பாம்பு என்று அஞ்சப்படும் பச்சைப் பாம்பு கண்ணைக் குறிவைத்துக் கொத்துவதில்லை. அதன் நஞ்சு மிக மென்மையானது, மனிதருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை. அதற்கு மாறாக, பெடோம் 1862 இல் விவரித்த பெருஞ்செதில் குழிவிரியனும் பச்சை நிறமே. ஆனால் அது நச்சுப்பாம்பு. பச்சைப் பாம்பின் உடல் கொடி போல மெலிந்தது, தலை நீண்டு கூரியது. குழிவிரியனின் உடல் தடித்தது, தலை முக்கோண வடிவினது. அதன் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி உண்டு. நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது இரு வகையிலும் தவறாகும்.

தேரை பற்றிய நம்பிக்கைகள்: தேரை மோந்தால் தேங்காயில் பருப்பு வைக்காது என்பது தமிழகத்தில் பரவலான நம்பிக்கை. மகரந்தச் சேர்க்கைக் குறைவு, ஊட்டச்சத்துக் குறைவு போன்றவையே அதற்குக் காரணங்கள். தேரையைத் தொட்டால் மரு உண்டாகும் என்பதும் தவறு. மரு ஒரு வகை வைரசால் உண்டாகிறது. தேரையின் தோலில் உள்ள புடைப்புகள் சுரப்பிகள் ஆகும். அவற்றின் சுரப்பு கண்ணிலோ வாயிலோ பட்டால் எரிச்சல் தரக்கூடும் என்பதால், தொட்டபின் கை கழுவுவது நல்லது.

ஓணான் இரத்தம் உறிஞ்சும்: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவப்பதைக் கண்டு, அது தொலைவிலிருந்தே இரத்தத்தை உறிஞ்சுவதாகச் சிறுவர்கள் நம்பினர். அந்நிறம் பெண் ஓணானைக் கவரவும் பிற ஆண்களை விரட்டவும் பயன்படுகிறது. தலையாட்டுவதும் கேலி செய்வதற்காக அன்று, அதுவும் ஓணான்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்தியே.

காலில்லாததெல்லாம் பாம்பு: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் சிசிலியன் எனப்படும் காலற்ற உயிரினங்கள் வாழ்கின்றன. இவை பாம்பும் அல்ல, புழுவும் அல்ல. தவளையின் உறவினமான நீர்நிலவாழ்வன ஆகும். இவற்றுள் ஒன்றுக்குச் செருமானிய விலங்கியலாளர் வில்கெல்ம் பீட்டர்ஸ் பெடோமின் பெயரைச் சூட்டினார். இப்பேரினத்தில் தாய் தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து கிடந்து காக்கும். இது இலங்கையில் வாழும் இனத்தில் 19 ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டது.

பாம்பைப் பற்றிய அச்சம் முழுவதும் அடிப்படையற்றது எனக் கூற இயலாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவ்விறப்புகளுக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற சில இனங்களே காரணம். கடிபட்டவரை மந்திரம், பச்சிலை, கடிவாயைக் கீறுதல் ஆகியவற்றில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே உயிர் காக்கும் வழி. எல்லாப் பாம்புகளையும் கொல்வதால் இவ்விறப்புகள் குறைவதில்லை. கொல்ல முயலும்போதே பலர் கடிபடுகின்றனர்.

பெயர் குறித்த குழப்பம்

பெடோம் தேரை, பெடோம் பூனைப்பாம்பு என்பன போன்ற பெயர்களைக் காணும் மாணவர்கள், அவற்றுக்குப் பெடோமே தம் பெயரைச் சூட்டிக்கொண்டார் எனக் கருதுவதுண்டு. இது தவறு. ஓர் இனத்தை விவரிப்பவர் அதற்குத் தம் பெயரையே இடும் வழக்கம் இல்லை. பெடோம் கேடயவால் பாம்புக்கு 1862 இலும், பெடோம் தேரைக்கு 1876 இலும் பெயர் சூட்டியவர் குந்தர். பெடோம் பூனைப்பாம்புக்கு 1909 இல் பெயர் சூட்டியவர் பிராங்க் வால். மாறாக, பெடோம் தாமே விவரித்த பழனிமலைக் கேடயவால் பாம்பின் பெயரில் அவர் பெயர் இல்லை, மலையின் பெயரே உள்ளது.

மற்றொரு குழப்பம் கண்டுபிடித்தல் என்ற சொல்லால் வருவது. பளியர், புலையர் போன்ற மலைவாழ் மக்கள் இவ்வுயிரினங்களுடன் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருபவர்கள். பெடோம் செய்தது, ஓர் உயிரினத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும்படி எழுதி, மாதிரியைப் பாதுகாத்து, உலகில் எவரும் பின்னர் சரிபார்க்கும்படி செய்ததாகும்.

பிற்கால ஆய்வுகள்

சரிபார்ப்பதற்கு வழி இருந்தமையால் பெடோமின் முடிவுகள் பல திருத்தப்பட்டுள்ளன. அவர் தனித்தனி இனங்களாகக் கருதிய சில பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்டன. சில பேரினப் பெயர்கள் மாறின. சில மாதிரிகள் கிடைத்த இடத்தை அவர் பொதுப்படையாகவே குறித்திருந்தமையால், அவை எந்த மலையைச் சேர்ந்தவை என்பதில் ஆய்வாளர்களுக்கு இடர்ப்பாடு ஏற்பட்டது. மரபணு ஆய்வுகள் வந்த பின் இப்பணி புதிய வேகம் பெற்றுள்ளது.

அவர் விவரித்த சில இனங்கள் நீண்ட காலம் எவர் கண்ணிலும் படவில்லை. ஒடிசா மாநிலத்தின் ஜெய்ப்பூர் மலைப்பகுதியிலிருந்து ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு அவர் 1877 இல் விவரித்த தரைப்பல்லி, 130 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இந்திய ஆய்வாளர்களால் மீண்டும் கண்டறியப்பட்டது. இதுபற்றிய கட்டுரை 2012 இல் வெளியானது. கருந்தவளையும் பல பத்தாண்டுகள் காணப்படாமல் இருந்து 1990களில் மீண்டும் பதிவானது. இவ்வாறு ஓர் உயிரினத்தை மீண்டும் தேட முடிந்ததற்குக் காரணம், அது பற்றிய எழுத்துப் பதிவு இருந்ததே. பதிவு செய்யப்படாமல் மறைந்துபோன உயிரினத்தைத் தேடவேண்டும் என்று எவருக்கும் தோன்றாது.

பழனி மலையிலும் புதிய இனங்கள் தொடர்ந்து அறியப்பட்டன. செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரி அமைந்த பகுதியில் கிடைத்த ஒரு சிறு மண்பாம்பைப் பிராங்க் வால் 1921 இல் விவரித்தார். இலங்கையின் நுவரெலியாவில் பிறந்த இவர் ஒரு மருத்துவர். கொடைக்கானல் பகுதியைச் சேர்ந்த ஒரு புதர்த்தவளை 2006 இல்தான் அறிவியற் பெயர் பெற்றது.

இறுதிக் காலம்

ஓய்வு பெற்ற பெடோம் இங்கிலாந்து திரும்பி இலண்டனில் வாழ்ந்தார். பெரணிகள், மண்பாம்புகள் ஆகியவற்றுடன் நிலநத்தைகளையும் அங்கு ஆராய்ந்தார். இந்திய, இலங்கை நத்தைகள் பற்றிய ஒரு கட்டுரையை 1906 இல் தமது 76 ஆம் அகவையில் வெளியிட்டார். 1911 பெப்ரவரி 23 அன்று இலண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் காலமானார்.

நினைவும் இன்றைய நிலையும்

பெடோமின் பெயரைத் தாங்கிய உயிரினங்கள் பல உள்ளன. திருப்பதி மலைப்பகுதிக்கே உரிய ஈந்துப்பனை போன்ற ஒரு சைக்கஸ் மரம், பல தவளைகள், பல்லிகள், பாம்புகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். 2013 இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மரத்தவளைக்காக உருவாக்கப்பட்ட பெடோமிக்ஸாலஸ் என்னும் பேரினம் அவருடைய பெயரால் அமைந்ததாகும்.

அவர் கண்ட பழனி மலை இன்று பெரிதும் மாறிவிட்டது. 20 ஆம் நூற்றாண்டில் உயர்ந்த புல்வெளிகளின் பெரும்பகுதியில் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் நடப்பட்டன. நகரமும் சாலைகளும் விரிந்தன. மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளியே வரும் கேடயவால் பாம்புகள் மலைச்சாலைகளில் வண்டிகளின் சக்கரங்களில் நசுங்கி இறப்பதை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தோட்டம் கொத்தும்போது வெளிப்படுபவை நச்சுப்பாம்பு என எண்ணிக் கொல்லப்படுகின்றன. 2013 ஆம் ஆண்டில் பழனி மலையில் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சாலையும் தோட்டமும் புகலிடத்துக்கு வெளியேயும் உள்ளன.

ஒரு மலைக்கே உரிய உயிரினம் அம்மலையில் அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகும். ஆகவே பழனி மலையில் மண்ணைக் கொத்தும் ஒருவர், மழுங்கிய வாலைக் கொண்ட சிறு பாம்பைக் கண்டு அது தீங்கற்றது என அறிந்து விட்டுவிடுவது, பெடோம் விட்டுச்சென்ற பதிவின் நேரடிப் பயன் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- பழனி மலை
- கொடைக்கானல்
- மேற்குத் தொடர்ச்சி மலை
- சோலைக்காடு
- கேடயவால் பாம்பு
- பேட்ரிக் ரசல்